கைதட்டாத கூட்டம்

யோசேப் பந்தை உதைத்தால் அது அவர் நினைத்த பக்கம் போனதே இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் அவருடைய ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைகளெல்லாம் பந்தோடுதான் திரிவார்கள். யோசேப் மட்டும் சின்ன வயதிலிருந்தே கோட்டுக்கு வெளியே நின்றவர். ஆனாலும் அவர் இல்லாமல் அந்த ஊரில் ஒரு போட்டியும் களைகட்டியதில்லை.

தச்சு வேலைதான் அவருக்குத் தொழில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு தகரப் பீப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் அதைக் கவிழ்த்து வைத்து அடிக்கத் தொடங்குவார். அவர் ஒரு வரி கட்டிப் பாட, கூட்டம் முழுவதும் திரும்பப் பாடும். வெளியூரிலிருந்து வந்த ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடினால் போதும், "கோலடிக்க வந்தவரே, கோலம் போட்டுப் போறீரே" என்று பீப்பா முழங்கும். அந்தப் பையன் அதற்குப் பிறகு நேராக ஓட மாட்டான். எதிரணிக்காரர்கள் யோசேப்பைத் திட்டிக்கொண்டே சிரிப்பார்கள். போட்டி முடிந்ததும் அவரைத் தேடி வந்து கைகொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மைதானத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இராணுவம் முகாம் போட்டது. அதோடு விளையாட்டு நின்றது. சுற்றிவளைப்பு நடக்கிற நாட்களில் ஊர் ஆண்களை அந்த மைதானத்தில்தான் வெயிலில் குப்புறப் படுக்க வைத்தார்கள். அப்படிப் படுத்தவர்களில் ஊர் அணியின் கோல் காப்பாளன் சுகந்தனும் ஒருவன். மற்றவர்கள் பின்னேரம் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். சுகந்தனை மட்டும் முகாமுக்குள் கொண்டுபோனார்கள். பிறகு அவனுடைய தாய் முகாம் வாசலுக்குப் போய்க் கேட்டபோது அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொன்னார்கள். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பிடித்தார்கள். அதே ஊருக்குத்தான் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள்.

அது நடந்து சில வாரங்களில் முகாம் அதிகாரி ஒரு போட்டி அறிவித்தார். சமாதானக் கிண்ணமாம். கொழும்பிலிருந்து வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களாம். இங்கே எல்லாம் வழமைபோல நடக்கிறது, சனங்கள் சந்தோசமாக இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது மைதானத்துக்கு வராவிட்டால் அந்த வீட்டைத் தாங்கள் வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

கோயில் வளவில் ஆண்கள் கூடி என்ன செய்வது என்று கதைத்தார்கள். போனால் சுகந்தனுக்குத் துரோகம். போகாவிட்டால் வீடுகளுக்கு ஆபத்து. யோசேப்பின் மனைவி பவளராணி தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தவள், குடத்தை இறக்கி வைத்தாள்.

"போவம். வரத்தானே சொன்னாங்க. கைதட்டச் சொல்லி ஆரும் சொல்லல்லயே" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த வார்த்தை வீடு வீடாகப் போனது.

போட்டி நாளில் மைதானம் நிறைந்திருந்தது. பத்திரிகைக்காரர்கள் பந்தலுக்குக் கீழே இருந்தார்கள். ஊர் அணியின் முன்வரிசைக்காரன் ஒருவன், ஆட்ட வேகத்தில், அருமையான கோல் ஒன்றை அடித்துவிட்டான். பழக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சனங்களைப் பார்த்து ஓடி வந்தான். ஒருவரும் அசையவில்லை. குழந்தைகளின் வாயைத் தாய்மார் கையால் பொத்தியிருந்தார்கள். வாவிக் காற்றில் பந்தலின் துணி படபடப்பது மட்டும் கேட்டது. அந்தப் பையன் நின்றான். கூட்டத்தைப் பார்த்தான். கைகளை மெல்ல இறக்கிக்கொண்டு திரும்பி நடந்தான்.

முகாம் அதிகாரி ஒலிபெருக்கியை வாங்கினார். அவர் சிங்களத்தில் சொன்னதை ஒரு பொலிஸ்காரர் தமிழில் சொன்னார்.

"இது விளையாட்டு. விளையாட்டுக்குள்ள அரசியலக் கொண்டு வராதீங்க. கைதட்டுங்க."

யாரும் தட்டவில்லை. அதிகாரிக்கு யோசேப் யாரென்று தெரிந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு தகரப் பீப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். இரண்டு பேர் துவக்கோடு பக்கத்தில் நின்றார்கள். யோசேப் எழுந்து நின்று இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டார். பந்தலுக்குள் இருந்து யாரோ படம் எடுத்தார்கள். நடுவர் விசிலடித்து ஆட்டத்தைத் தொடங்கினார். கடைசி வரைக்கும் அந்தக் கூட்டம் வாய் திறக்கவில்லை. எதிரணியாக வந்த பக்கத்து ஊர்ப் பையன்களும் ஒரு கோலைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

பத்திரிகைக்காரர்களின் வாகனங்கள் புறப்பட்டதும் யோசேப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமுக்குள் அவருடைய வலது கையின் இரண்டு விரல்களை, பீப்பா அடிக்காத கை எதற்கு என்று கேட்டு, ஒரு மேசை விளிம்பில் வைத்து முறித்தார்கள். பங்குச் சுவாமியார் விடாமல் அலைந்து அவரை வெளியே எடுத்தார். சுகந்தனை எடுக்க அவராலும் முடியவில்லை. அடுத்த முறை எடுக்க முடியாது, நாட்டை விட்டுப் போய்விடு என்று சுவாமியார் சொன்னார். பயணச் செலவுக்குப் பவளராணி தன் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்தாள். எண்பத்தாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் யோசேப் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலும் கப்பலுமாக டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். பவளராணியும், பதினான்கு வயது மகன் துஷ்யந்தனும், எட்டு வயது மகள் சுபாஜினியும் ஊரில் நின்றார்கள்.

*

அடுத்த வசந்தத்தில் அவருக்கு இங்கே தங்க அனுமதி கிடைத்தது. கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில் புரொண்பி என்ற இடத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் மூன்று பேரோடு சேர்ந்து இருந்தார். ஆஸ்பத்திரிகளின் விரிப்புகளைத் தோய்க்கிற ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. முறிந்த விரல்களால் உளி பிடிக்க முடியாது. ஈரத் துணி தூக்கலாம். அனுமதி கிடைத்த கையோடு மனைவி பிள்ளைகளை அழைப்பதற்கு மனுப் போட்டார். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு அந்த நாட்டின் சட்டம் கொடுத்த உரிமை அது. சலுகையோ தயவோ அல்ல.

அந்தத் தொழிற்சாலையில் நிக்கலஸ் என்று ஒரு டெனிஷ்காரன், பாரவண்டி ஓட்டுபவன். புரொண்பி என்றதும் இங்கே எல்லோருக்கும் அதே பெயருள்ள பெரிய கால்பந்து அணிதான் ஞாபகம் வரும். நிக்கலஸுக்கு அந்த அணியைக் கண்ணில் காட்டக் கூடாது. அவனுடைய அணி பக்கத்துப் பேட்டையில் இருந்த எங்ஹோய் என்ற சின்னக் கழகம். கீழ்ப் பிரிவு, நல்ல நாளில் முந்நூறு பேர் பார்க்க வருவார்கள். ஒரு சனிக்கிழமை அவன் யோசேப்பை இழுத்துக்கொண்டு போனான்.

அன்று யோசேப் பந்தைப் பார்க்கவில்லை. சனங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நடுவரை அவருடைய முகத்துக்கு நேரே கழுதை என்று ஒரு கிழவர் கத்தினார். நாட்டின் பிரதமரைப் பற்றி நான்கு பேர் சேர்ந்து ஒரு கேலிப் பாட்டுப் பாடினார்கள். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரன் சொசேஜ் தின்றுகொண்டு அதற்குத் தலையாட்டினான். யோசேப்புக்குச் சிரிப்பு வந்தது. ஊரை விட்டு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நிக்கலஸுக்குத் தெரியாது.

மெல்ல மெல்ல அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவரானார். மட்டக்களப்பில் தட்டுகிற தாளத்தில் அவர்களைத் தட்டப் பழக்கினார். அவர்கள் ஒரு மேளம் வாங்கிக் கொடுத்தார்கள். இடது கையால் அடித்தார். டெனிஷ் சரியாக வராது; ஆனால் மேளத்துக்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

மனுவுக்கு மட்டும் பதில் வரவில்லை. எண்பத்தேழு முடிந்தது. எண்பத்தெட்டு ஓடியது. பொலிஸில் கேட்டால் குடிவரவுத் திணைக்களத்தில் கேள் என்பார்கள். திணைக்களத்தில் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது, காத்திருங்கள் என்பார்கள். இலங்கையில் இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது, சமாதானம் வந்துவிட்டது, நீங்களே திரும்பிப் போகலாமே என்றுகூட ஒரு அலுவலர் சொன்னார். அந்த நேரத்தில் மட்டக்களப்பில் இந்திய இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

அன்று டென்மார்க்கில் இருந்த தமிழர்கள் எங்களில் யாருக்கும் தெரியாத விடயம் ஒன்று உண்டு. தமிழர்களின் குடும்ப மனுக்களை எடுக்க வேண்டாம், அடியில் போட்டு வையுங்கள் என்று நீதி அமைச்சரே உத்தரவிட்டிருந்தார். சட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய மந்திரி, நாடாளுமன்றத்துக்கும் சொல்லாமல், சட்டத்தைப் பூட்டி வைத்திருந்தார். சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் சபையில் கேட்டு மாற்றியிருக்கலாம். அதற்கு நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வேண்டும். மூடிய கதவுக்குள் ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ஊரில் எங்களுக்குச் செய்தவர்கள் சீருடை போட்டுக்கொண்டு செய்தார்கள். இங்கே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு செய்தார்கள்.

எண்பத்தெட்டு இலையுதிர் காலத்தில் பவளராணி பங்கு மனையிலிருந்து தொலைபேசியில் பேசினாள். துஷ்யந்தனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, ஒவ்வொரு இயக்கத்துக்கும் இராணுவத்துக்கும் அந்த வயதுப் பிள்ளைகள்தான் வேண்டும், அவனை வீட்டை விட்டு வெளியே விடவே பயமாயிருக்கிறது என்றாள். பிறகு கேட்டாள்:

"உங்கட நாட்டுல சட்டம் எண்டு ஒண்டு இரிக்கிதா இல்லையா?"

யோசேப் அந்தச் சனிக்கிழமை எங்ஹோய் மைதானத்துக்குப் போனார்; மேளத்தைத் தொடவில்லை. என்ன நடந்தது என்று நிக்கலஸ் கேட்டான். அன்றுதான் யோசேப் அவனிடம் முழுக் கதையையும் சொன்னார். சுகந்தனைப் பற்றி, கைதட்டாத கூட்டத்தைப் பற்றி, விரல்களைப் பற்றி, அடியில் கிடக்கிற மனுவைப் பற்றி. நிக்கலஸ் நம்பவில்லை. விரல்களை நம்பினான்; மனுவை நம்பவில்லை. எங்கள் நாட்டில் அப்படி நடக்காது என்றான். திங்கட்கிழமை தானே திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தான். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எப்போது முடியும் என்று கேட்டான். சொல்ல முடியாது என்றார்கள். ஏன் சொல்ல முடியாது என்று கேட்டான். இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். பாரவண்டி ஓட்டுபவனுக்கு அவ்வளவு கோபம் வந்ததை அந்தத் தொழிற்சாலை அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த சொந்த மைதானப் போட்டிக்கு அவனும் இன்னும் சிலரும் கழித்துப் போட்ட ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தைத்து ஒரு பெரிய துணியாக்கிக் கொண்டு வந்தார்கள். கறுப்பு மையில் எழுதியிருந்தது: யோசேப்பின் மனைவி எங்கே? மந்திரி பதில் சொல்லட்டும். அதைக் கம்பி வேலியில் கட்டிவிட்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பாட்டு இல்லை, தட்டல் இல்லை. எங்ஹோய் வரலாற்றில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை.

எல்லோரும் சேர்ந்தார்கள் என்று சொன்னால் பொய். எதிர்ப்பக்கத்திலிருந்து சிலர் ஊளையிட்டார்கள். ஒருவன் பியர்க் கோப்பையைத் துணியின் மேல் விசிறினான். தமிழன் தன் நாட்டுக்குப் போகட்டும் என்று ஒரு குரல் வந்தது. அவனைத் திரும்பிப் பார்த்த நிக்கலஸின் கழுத்து சிவந்துபோனது. ஆனால் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்ததால் பேசவில்லை. இடைவேளையில் கழகத்தின் தலைவர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. யோசேப்புக்கு மேளம் வாங்க முதலில் காசு போட்டவரே அவர்தான். மெதுவாகத்தான் சொன்னார், விளையாட்டுக்குள்ளே அரசியல் வேண்டாம், தயவுசெய்து அதைக் கழற்றிவிடுங்கள் என்று.

யோசேப் வேலியை விட்டு அவர் முன்னால் வந்து நின்றார். தெரிந்த கொஞ்ச டெனிஷில் சொன்னார்:

"இதை எனக்கு முதலில் சொன்னவர் துவக்கு வைத்திருந்தார். நீங்கள் வைத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் ஏன் சொல்கிறீர்கள்?"

தலைவர் கழற்றச் சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை, கழற்றவும் இல்லை. கொஞ்சநேரம் அந்தத் துணியை வாசித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். இரண்டாம் பாதியில் எங்ஹோய் ஒரு கோல் போட்டது. கம்பத்துக்குப் பின்னால் ஒரு கையும் தட்டவில்லை. தலைவரும் தட்டவில்லை என்று பிறகு நிக்கலஸ் சத்தியம் பண்ணிச் சொன்னான்.

உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. மந்திரி பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு வழக்கறிஞர் யோசேப்பைத் தேடி வந்தார். அவரிடம் இன்னும் பல தமிழர்களின் இதே கதை இருந்தது. மக்களின் முறையீடுகளை விசாரிக்கிற ஓம்புட்ஸ்மனிடம் ஏற்கெனவே போயிருந்த முறைப்பாடுகளோடு யோசேப்பின் பெயரும் சேர்ந்தது. அடுத்த சில கிழமைகளில் வேறு இரண்டு சின்னக் கழகங்களின் மைதானங்களிலும் அந்தக் கேள்வி துணியில் தொங்கியது. யோசேப் என்ற இடத்தில் அவரவர் ஊர்த் தமிழனின் பெயர் இருந்தது.

எண்பத்தொன்பது தொடக்கத்தில் கோப்புகள் அசையத் தொடங்கின. ஓம்புட்ஸ்மன் நடந்தது தவறு என்று சொன்னார். அந்த ஏப்ரலில் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சியில் அதைக் கேட்ட யோசேப், சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போனார்.

அனுமதி வந்தது ஒக்டோபரில். பவளராணி மூன்று பேருக்கும் கொழும்பு போகிற ஆயத்தம் செய்தாள். ஊரைவிட்டு இந்திய இராணுவம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த இராணுவத்தோடு சேர்ந்து நின்ற இயக்கம் ஒன்று ரோட்டில் கண்ட பையன்களையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தது. துஷ்யந்தன் ஒரு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்தவன். நண்பர்களிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஒரு பின்னேரம் சைக்கிளில் போனான். சந்தியில் லொறி நின்றது. அங்கே நின்ற ஊர்க்காரர்கள் சைக்கிளைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பவளராணி முகாம் முகாமாக அலைந்தாள். அவன் ஒரு முகாமில் தலை மொட்டையோடு நின்றதை ஒருத்தி பார்த்திருக்கிறாள். டிசம்பரில் புலிகள் அந்த முகாமைத் தாக்கினார்கள். துவக்குப் பிடிக்கக்கூடத் தெரியாத பிள்ளைகள் பலர் அங்கே செத்தார்கள் என்று செய்தி வந்தது. பெயர் சொல்ல யாரும் இல்லை. உடம்பைக் காட்ட யாரும் இல்லை.

மனுப் போட்ட வருடமே சட்டப்படி அதை எடுத்துப் பார்த்திருந்தால் அந்தப் பிள்ளை அன்றைக்கு டென்மார்க்கில் பள்ளிக்கூடம் போயிருப்பான். இதை நான் கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை. நாட்காட்டியைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது தெரியும்.

*

தொண்ணூறாம் ஆண்டு குளிர்காலத்தில் பவளராணியும் சுபாஜினியும் கொப்பன்ஹேகன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். நிக்கலஸ் பூங்கொத்தோடு நின்றான். பவளராணி அதை வாங்கினாள். கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் முதலில் பிடித்தாள். அந்த இரண்டு விரல்களையும் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

அவள் வீட்டுக்குள் முடங்கவில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். டெனிஷை யோசேப்பைவிட வேகமாகப் பிடித்தாள், கோபம்தான் படிப்பித்தது என்று சொல்வாள். தமிழர் வழக்கை விசாரிக்க நீதிமன்றம் ஒன்று அமைத்திருந்தார்கள். அது இரண்டரை வருடத்துக்கு மேல் நடந்தது. செய்திகளில் வந்த ஒவ்வொரு சொல்லையும் சுபாஜினியிடம் கேட்டு விளங்கிக்கொண்டாள். மகள் டெனிஷில் பதில் சொல்ல, தாய் தமிழில் திரும்பக் கேட்க, சில நாட்களில் அந்த வீட்டில் அதுதான் இராச்சாப்பாடு.

தொண்ணூற்று மூன்று ஜனவரியில் அறிக்கை வந்தது. பல ஆயிரம் பக்கம். கம்பளத்துக்கு அடியில் எல்லாமே இருந்தது. பிரதமர் பதவி விலகினார்; அரசாங்கமே போனது. அன்றைக்கு நாடாளுமன்றத்துக்கு வெளியே குளிரில் பவளராணி நின்றாள். நிக்கலஸும் எங்ஹோய் கழகத்தின் கம்பளிச் சால்வை போட்ட சிலரும் அவளோடு நின்றார்கள். செய்தி வந்ததும் அவர்களில் ஒருவன் அவளைக் கட்டிப்பிடித்து, நாங்கள் வென்றுவிட்டோம் என்றான். விளையாட்டு ரசிகன், வேறு சொல் அவனுக்கு வரவில்லை.

"வென்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். என் மகன் எப்போது வருவான்?" என்று அவள் டெனிஷில் கேட்டாள்.

அவன் சால்வையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

எங்கள் பங்கில் தமிழ்ப் பூசைக்கு வருகிற சுவாமியார், துஷ்யந்தனுக்கு ஒரு இரங்கல் பூசை ஒப்புக்கொடுப்போம் என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். யோசேப்புக்கு அது நடந்தால் மனம் ஆறும் போலிருந்தது. பவளராணி ஒப்பவில்லை. மனுவைப் பூட்டி வைத்தவனுக்கு ஒரு தீர்ப்பு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டாள்.

தீர்ப்பு தொண்ணூற்றைந்து ஜூனில் வந்தது. மந்திரிமாரை விசாரிப்பதற்கென்றே உள்ள உயர்ந்த மன்றம் அந்தப் பழைய நீதி அமைச்சர் குற்றவாளி என்றது. தண்டனை நான்கு மாதம். யோசேப் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் வாசித்துக்கொண்டு வந்து ஒரு சொல்லில் நின்றார். அது என்ன என்று பவளராணி கேட்டாள். நிபந்தனையோடு கொடுத்த தண்டனை, அதனால் சிறைக்குப் போகத் தேவையில்லை என்று அவர் விளங்கப்படுத்தினார்.

"அப்ப எங்க இருப்பாராம்?"

"வீட்டுலதான்."

அவள் வேலைக்குப் போவதற்கான உடுப்போடு நின்றாள். சப்பாத்துக் கயிற்றைக் குனிந்து கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிடம் என்ன சொல்ல என்று யோசேப் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சொல்லுங்க" என்றாள். "இந்த நாலு மாசத்துக்கு எண்ட புள்ளைய நான் அடக்கம் பண்ண மாட்டன்."

யோசேப் அதை அப்படியே போய்ச் சொன்னார். சுவாமியார் பிறகு கேட்கவில்லை.